திருக்கோயிலும் முகமறிந்த வாணிகமும்

வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்வோர் குந்தாரப்பள்ளியை அறிவர். அவ்வூரில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தையை அறியாதார் இப்பகுதியில் இலர் எனலாம். பொழுது புலர்வதற்கு முன்னரே மந்தைகள் வந்து நிறைகின்றன. கன்னடம் பேசுவோரும், தெலுங்கு பேசுவோரும், தமிழரும் ஒரே வெளியில் நின்று விலை பேசுகின்றனர். மூன்று மொழிகளும் கலந்த ஒரு பேச்சே அங்கே வழங்குகின்றது. ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னர், அதனை ஓட்டி வந்தவனுடைய முகத்தைப் பார்த்துக்கொள்வது அனுபவம் மிக்க வியாபாரியின் வழக்கம். கையில் முழுப் பணம் இல்லாதவனும் சில வேளைகளில் ஆட்டை ஓட்டிச் செல்கின்றான். எழுத்துச் சீட்டு இல்லை. சாட்சிக் கையெழுத்து இல்லை. சென்ற வெள்ளியும் அதற்கு முந்திய வெள்ளியும் அவன் அதே இடத்தில் நின்றான் என்பதும், வருகின்ற வெள்ளியும் அங்கேயே நிற்பான் என்பதுமே பிணை.

குடமுழுக்கு விழாவையொட்டி வெளிவரும் மலரில் ஆட்டுச்சந்தையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று மெய்யன்பர் சிலர் ஐயுறுதல் கூடும். மூர்த்தியின் அருளையும், தலத்தின் பெருமையையும், தீர்த்தத்தின் சிறப்பையும் கற்றறிந்த பெரியோர் எழுதுவர். அவற்றை எழுத யான் தகுதியுடையேன் அல்லேன். இளமையில் ஒரு சிறு லேத்துப் பட்டறை வைத்துப் பிழைத்தவன் யான். முதுமையில் கல்வெட்டு நூல்களைப் படிப்பதில் பொழுது போக்குகின்றேன். இவ்விரண்டிலிருந்தும் யான் அறிந்துகொண்ட செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டுக் கோயில்களின் மண்டபங்கள் நெடுங்காலமாக வணிகர் ஒருவரை ஒருவர் கண்டும், நம்பியும், கடன் கொடுத்தும், வழக்குத் தீர்த்தும் வந்த இடங்களாக இருந்தன என்பதே அது. பெருஞ்செல்வர்க்கு இவ்வாறு கூடுதல் அத்துணை இன்றியமையாததன்று; அவர்தம் பெயரைச் சொன்ன அளவிலேயே பொருள் கிடைக்கும். சிறு முதல் கொண்டு தொழில் செய்வானுக்கோ, தன் முகத்தையன்றி ஈடாக வைப்பதற்கு வேறொன்றும் இல்லை. அவன் அம்முகத்தைக் கொண்டுபோய்க் காட்டுதற்குரிய பொதுவிடமாகத் திருக்கோயில் விளங்கிற்று.

சோழர் காலத்தில் வணிகர் மிகுந்து வாழ்ந்த ஊர் நகரம் எனப்பட்டது. அவ்வூர் வணிகரின் அவைக்கும் அதுவே பெயர்; அவையினர் நகரத்தார் எனப்பட்டனர். ஊர்தோறும் தனித்தனியே இருந்த இவ்வவைகளை ஒன்றோடொன்று பிணைத்தவர்கள், நாடு விட்டு நாடு சென்று வாணிகம் நடத்திய பெருங்குழுவினர். அவருள் தலைசிறந்தோர் திசையாயிரத்து ஐந்நூற்றுவர். நானாதேசி என்றும் அவர்கள் தம்மைக் கூறிக்கொண்டனர். அவர்தம் மூல இடம் கன்னட நாட்டின் வடபகுதியில் உள்ள ஐகொளெ என்பதாகும். ஐயாவொளெ என்பது அதன் பழம்பெயர். தமிழ்க் கல்வெட்டுக்கள் அதனை ஐயப்பொழில் என்று அழகுறத் தமிழாக்கிக் கொண்டன. ஐயப்பொழிற் பரமேசுவரி அவர்களுடைய குலதெய்வம். தம்மை அவ்வன்னையின் மக்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்வது வழக்கம். அவர்கள் வெட்டுவித்த கல்வெட்டுக்கள் கன்னடத்திலும் உள்ளன, தெலுங்கிலும் உள்ளன, தமிழிலும் உள்ளன. மும்மொழியும் வழங்கும் எல்லைப்புறத்தில் வாழ்கின்ற நமக்கு இச்செய்தி தனி உவகை தருவதாகும். கோலார்ப் பக்கத்து நிலம் நிகரிலிச் சோழமண்டலம் என்று பெயர் பெற்றிருந்த காலம் அது. அரசர்கள் எல்லைக்காகப் போரிட்டுக்கொண்டிருக்கையில், வணிகர் அவ்வெல்லையை வாரந்தோறும் கடந்துகொண்டிருந்தனர்.

அக்காலத்து வழிகள் அச்சம் மிக்கன. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பலவிடத்தும் காணப்படும் நடுகற்களே இதற்குச் சான்று பகரும். ஆநிரை கவர்ந்த சண்டையிலும் ஊரைக் காத்த சண்டையிலும் மாண்ட வீரர்களின் நினைவாக நின்றவை அவை. ஆதலின் வணிகச் சாத்துக்குக் காவலாகப் படைவீரர் உடன் சென்றனர். நம் எல்லைக்கு வடக்கே மதனப்பள்ளிப் பக்கம் பாசினிகொண்டாவில் உள்ள 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வணிகர் திரளாகக் கூடி ஓர் ஊரை எறிவீரபட்டினம் ஆக்கிய செய்தியைக் கூறுகின்றது. காவலுடைய வணிகப் பட்டினம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஈண்டு நோக்கத்தக்கது அவர்கள் கூடினர் என்பதே. ஓலை எழுதி ஒப்புதல் பெறவில்லை. பல திசைகளிலிருந்தும் நடந்து வந்து, ஓரிடத்தில் அமர்ந்து, முகம் பார்த்து முடிவு செய்து, அம்முடிவைக் கல்லில் வெட்டினர்.

இக்கல்வெட்டுக்களுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது பிரான்மலையில் உள்ளது. திருஞானசம்பந்தப் பெருமான் பாடிய திருக்கொடுங்குன்றம் இதுவே. இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் ஐந்நூற்றுவரும் பல நகரத்து வணிகரும் கூடி, தாம் கொண்டு செல்லும் சரக்குகளின்மேல் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைக் கோயிலுக்கு அளிப்பதாக இசைந்து எழுதிக் கொடுத்தனர். அச்சரக்குகளின் வரிசையைப் படிக்கும்போது ஒரு சந்தைக்குள்ளேயே நுழைந்து விட்டாற் போலத் தோன்றுகின்றது. உப்பு, நெல், அரிசி, பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், மெழுகு, தேன், சந்தனம், அகில், பட்டு என்று நீண்டு சென்று, குதிரையும் யானையும் வரையில் அது போகின்றது. உப்புப் பொதி சுமந்தவனுடைய சரக்கும் யானை விற்றவனுடைய சரக்கும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. தனித்தனியே பார்த்தால் மிகச் சிறிய தொகை. ஆனால் அதனைச் செலுத்துபவன் யார், செலுத்தாதவன் யார் என்பது கூடியிருப்போர் அனைவர்க்கும் தெரியும். கோயிலுக்கு இசைந்ததை ஒழுங்காகக் கொடுப்பவன் கொண்ட கடனையும் ஒழுங்காகக் கொடுப்பான் என்ற எண்ணம் அங்கே தானே உண்டாகும் அன்றோ? தருமமும் நாணயமும் ஒரே கணக்கில் எழுதப்பட்டன என்று யான் கருதுகின்றேன். பிற்காலத்தில் மகமை என்று வழங்கிய முறையின் வேரினை இங்கே காணலாம்.

கடல் கடந்து சென்றபோதும் வணிகர் இம்முறையைக் கைவிடவில்லை. தாய்லாந்து நாட்டுத் தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அவனிநாரணம் என்னும் குளம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினர் முதலியோரின் பாதுகாப்பில் விடப்பட்டதாக அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக் கூறுகின்றது. சுமத்திராத் தீவின் பாரூஸ் பகுதியில் கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் கூடியிருந்து, அத்துறைக்கு வரும் மரக்கலத்தார் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி முடிவு செய்ததைத் தெரிவிக்கின்றது. பர்மா நாட்டுப் பகானில் நானாதேசி விண்ணகர் என்ற பெயரில் ஒரு திருமால் கோயிலே இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த ஓர் அன்பர் அக்கோயிலுக்கு மண்டபமும், கதவும், விளக்கும் அளித்தார். மகோதயர்பட்டணம் என்பது கொடுங்கல்லூர். சேர நாட்டுக் கடற்கரையில் பிறந்தவர், பர்மாவின் நடுவே, பல தேசத்து வணிகர்க்கு உரிய கோயிலில் விளக்கு வைத்தார். அந்த மண்டபத்தில் மாலை வேளைகளில் யார் யார் அமர்ந்து என்ன பேசினர் என்பதைக் கல்வெட்டுச் சொல்லவில்லை. அதே நாட்டில் அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நிகழ்ந்தது நமக்குத் தெரியும்.

அது நாட்டுக்கோட்டை நகரத்தார் வரலாறு. 1852ஆம் ஆண்டில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. 1869ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் அழிக்கப்பட்டு நெல்வயல்கள் ஆயின. காடு வெட்டவும், எருது வாங்கவும், அறுவடை வரையில் உண்ணவும் உழவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகள் அவ்வுழவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. செட்டிநாட்டிலிருந்து சென்றோரே பணம் கொடுத்தனர். 1929-30ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் நகரத்தார் கடைகள் ஏறக்குறைய 1,650 இருந்தன என்றும், அவற்றில் புழங்கிய முதல் 75 கோடி ரூபாய் அளவினது என்றும் மதிப்பிட்டது. அக்காலத்து 75 கோடி!

இத்துணைப் பெரும்பணம் எவ்வாறு இயங்கிற்று? இங்கேதான் கோயில் வருகின்றது. ரங்கூனில் மொகல் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருந்தது. மாதந்தோறும் குறித்த ஒரு நாள் இரவில் நகரத்தார் அக்கோயிலிற் கூடுவர். தம்முள் ஒருவர்க்கொருவர் கொடுக்கும் கடனுக்கு அம்மாதத்தில் என்ன வட்டி என்பதை அக்கூட்டமே முடிவு செய்யும். அதற்கு நடப்பு வட்டி என்று பெயர். நெல் வாங்கும் பருவத்தில் பணத்திற்கு நெருக்கடி மிகும்போது வட்டி ஏறும். பணம் தேங்கும்போது இறங்கும். அவ்விரவில் முடிவான வட்டி உள்நாட்டு ஊர்க் கடைகளையும் சென்றடைந்தது. ஒரு நாட்டின் மைய வங்கி செய்ய வேண்டிய வேலையை முருகப்பெருமான் சந்நிதியில் தரையில் அமர்ந்திருந்தோர் செய்தனர்.

இக்கூட்டத்தின் உள்ளியல்பைச் சற்றே ஆராய்தல் தகும். ஒரு கடைக்காரர் மற்றொரு கடைக்காரரிடம் ஈடு எதுவும் இன்றிப் பேரேட்டில் ஒரு பற்று எழுதிப் பெருந்தொகை வாங்கிச் செல்வது அக்காலத்து வழக்கம். இது குருட்டு நம்பிக்கை அன்று. இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது ஊர்க் கோயில்களுள் ஒன்றைச் சேர்ந்தவராகவே ஒவ்வொரு நகரத்தாரும் இருந்தார். திருமணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் கோயிற் கணக்கில் ஒரு புள்ளி. கோயிலிலிருந்து மாலை வந்த பின்னரே திருமணம் முறைப்படி நிறைவுறும். ஆகவே ரங்கூனில் கடன் கேட்டு எதிரே அமர்ந்திருப்பவர் யாருடைய மகன், யாருடைய மருமகன், எந்தக் கோயில், எத்தனை புள்ளி என்பது கடன் கொடுப்பவர்க்குக் கேளாமலேயே தெரியும். அதன்மேல் மாதந்தோறும் முகம் பார்த்தல். முகம் வாடியிருப்பதும், குரல் தாழ்ந்திருப்பதும், வழக்கமாக வருபவர் இம்மாதம் வாராதிருப்பதும் எந்தப் பேரேட்டிலும் ஏறாத கணக்குகள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்க்கே வட்டித் தொழில் கைவரும்.

இளைஞர்க்கும் இதுவே பள்ளிக்கூடமாக அமைந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பின்னர்க் கடையை நடத்தும் மேலாளாக உயர்வான். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் பல கடைகள் ஒரே நீண்ட கூடத்தில் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவர்க்கும் ஒரு மரப்பெட்டியும் சாய்வு மேசையும் கொண்ட சிறு இடமே உரியது. அடுத்த பெட்டிக்காரர் வாடிக்கையாளரிடம் எவ்வாறு பேசுகிறார், யாரை மறுத்து அனுப்புகிறார் என்பவை பையனின் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்நகரில் டாங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டில் எழுந்தது. கடைக்குப் போன இடமெல்லாம் கோயிலும் போயிற்று என்று நகரத்தாரைப் பாராட்டுவர். கோயில் இல்லாதிருந்தால் கடை நின்றிருக்குமா என்று திருப்பிக் கேட்பதும் தகும்.

இவ்வளவும் புகழ்ச்சி. வரலாறு எழுதுவோன் அடுத்த பக்கத்தையும் திருப்ப வேண்டும். மொகல் தெருக் கோயிலில் கூடியவர்கள் அனைவரும் கடன் கொடுத்தவர்கள். வாங்கிய உழவன் அக்கூட்டத்தில் இல்லை. அவன் மொழி வேறு, வழிபாடு வேறு, ஊர் வேறு. நடப்பு வட்டி ஏறியதும் இறங்கியதும் அவன் தலைமேல் வந்து விழுந்தனவேயன்றி, அவனுடைய முகவாட்டம் எந்த மண்டபத்திலும் காணப்படவில்லை. 1930ஆம் ஆண்டளவில் உலகெங்கும் விளைபொருள் விலை சரிந்தபோது நெல்லின் விலையும் வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் திரும்பிற்று. நகரத்தார்க்கு நிலம் வேண்டப்படுவதன்று, புழங்கும் பணமே வேண்டும். ஆயினும் வேறு வழியின்றி நிலத்தை ஏற்றனர். கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930ஆம் ஆண்டில் நூற்றுக்கு 6 பங்கு நிலமே அவர்களிடம் இருந்தது. 1937-38இல் அது நூற்றுக்கு 25 பங்கு ஆயிற்று. தம் நிலத்திலேயே குத்தகைக்காரராகிவிட்ட மக்களின் மனம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1930ஆம் ஆண்டின் இறுதியிலேயே சாயா சான் என்பவரின் தலைமையில் உழவர் கிளர்ச்சி எழுந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது இந்தியர் இலட்சக்கணக்கில் காடும் மலையும் கடந்து தாய்நாடு திரும்பினர்; வழியில் மாண்டோர் பலர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. மூன்று தலைமுறையின் முதல் போயிற்று.

கடன் கொடுத்தோரை மட்டும் குறை கூறுதல் நீதியாகாது. விலைவாசியை வீழ்த்தியவர் அவரல்லர். அவர் பணமின்றேல் அக்கழிமுகம் விளைந்திருக்கவும் மாட்டாது. ஆனால் தம்முள் ஒருவரை ஒருவர் அத்துணை நெருக்கமாக அறிந்திருந்தோர், தம்மிடம் கடன் கொண்டோரை அதில் ஒரு பங்கேனும் அறிந்திருப்பின், சரிவு வந்த ஆண்டில் அவர்கள் எடுத்த முடிவுகள் சில வேறாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகின்றது. ஐந்நூற்றுவர் மும்மொழியிலும் கல்வெட்டினர். நானாதேசி என்று பெயரே வைத்துக்கொண்டனர். மொகல் தெருவில் ஒரு மொழியே ஒலித்தது.

விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களின் நாடார் வணிகர் வரலாறும் ஈண்டு நினைவிற்கு வருகின்றது. வண்டிப் பாரம் இறக்கிய பேட்டைகளில் சரக்கின்மேல் மகமை தொகுத்து, உறவின்முறையாகக் கூடி அதனைச் செலவிட்டனர். விருதுநகரில் 1889ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறு கூடியவர்களின் முயற்சியால் எழுந்தது. பெருந்தலைவர் காமராஜர் பயின்ற பள்ளி அது. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலை நேரிற் கண்டு கற்பதற்காகக் கல்கத்தாவிற்குச் சென்றதையும் பலர் அறிவர். புத்தகம் வருவித்துப் படித்திருந்தால் சிவகாசி இன்றைய சிவகாசியாக ஆகியிருக்குமா என்பது ஐயமே.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். 1970ஆம் ஆண்டுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980இல் அசோக் லேலண்டு தொழிற்சாலை இயங்கலாயிற்று, அவ்வாண்டிலேயே டி.வி.எஸ். 50 வண்டியும் ஓசூரிலிருந்து வெளிவந்தது. பின்னர் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. பெரிய ஆலமரத்தின் கீழ்ச் சிறு செடி முளையாது என்பர், தொழிலில் அவ்வாறன்று. ஒரு பெருந்தொழிற்சாலையைச் சுற்றி, அதற்கு வேண்டிய சிறு உறுப்புக்களைக் கூலிக்குக் கடைந்தும், துளையிட்டும், முலாம் பூசியும் கொடுக்கும் பட்டறைகள் பல தோன்றின. இரண்டு இயந்திரமும் மூன்று ஆளும் கொண்ட பட்டறைகளே அவற்றுட் பெரும்பாலன. யானும் அவ்வாறு ஒன்றை நடத்தினேன் என்று முன்னரே கூறினேன்.

அக்காலத்தில் எனக்கு நேர்ந்தது ஒன்றைக் கூறுதல் பிழையாகாது. பெங்களூரில் ஒரு தொழிற்சாலைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட புஷ்களைக் கடைந்து அனுப்பினேன். வேலை வந்தது இடையில் நின்ற ஒருவர் வாயிலாக; வரைபடம் அஞ்சலில் வந்தது; பேச்செல்லாம் தொலைபேசியில் நடந்தது. அத்தொழிற்சாலையின் வாயிலை யான் கண்டதில்லை. அனுப்பிய சரக்கு முழுவதும் அளவு பிசகியது என்று திரும்பி வந்தது. அந்த உலோகம் கடன் வாங்கி வாங்கியது. அம்மாதக் கூலிக்கு மனைவியின் வளையல் அடகுக் கடைக்குச் சென்றது. மூன்று கடிதம் எழுதினேன், மறுமொழி இல்லை. நான்காவதாக ஒரு கடிதம் எழுத அமர்ந்தபோது என் தந்தையார், "கடிதத்தை நீயே கொண்டு போ, அப்பா" என்றார். மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் இரண்டு புஷ்களைத் துணியில் முடிந்துகொண்டு சென்றேன்.

வாயிலில் இரண்டு மணி நேரம் நின்றபின், சரக்குக் கிடங்கின் பொறுப்பாளரிடம் அனுப்பினர். கன்னடத்தவர், என் கன்னடமோ சந்தைக் கன்னடம். முடிச்சை அவிழ்த்து வைத்தேன். அவர் தம்மிடம் இருந்த வரைபடத்தை விரித்தார்; யானும் எனக்கு வந்ததை விரித்தேன். இரண்டும் ஒன்றல்ல. என்னுடையது திருத்தப்படுவதற்கு முந்திய பழைய வரைபடம். பத்து நிமிடத்தில் தீர்ந்தது மூன்று மாத வழக்கு. அவர் வேண்டிய இடத்தில் பேசி, துளையைச் சற்றே பெரிதாக்கிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வதாக இசைவு பெற்றுத் தந்தார். அதன்பின் மாதம் ஒரு முறை அவரை நேரிற் கண்டு வருவதை யான் வழக்கமாக்கிக்கொண்டேன். வேலை இல்லாத மாதத்திலும் செல்வேன். ஒரு முறை அவரே, "இந்த உறுப்பை இனி வேறு உலோகத்தில் செய்யப்போகிறார்கள், பழையதை அதிகம் வாங்கி வைக்காதே" என்று எச்சரித்தார். அவ்வொரு சொல் என் பட்டறையைக் காத்தது. அச்சொல்லைத் தொலைபேசியில் அவர் கூறியிருக்க மாட்டார் என்பது உறுதி.

இக்காலத்தில் கைப்பேசி இல்லாத பட்டறை இல்லை. வரைபடம் ஒரு நொடியில் வருகின்றது. படம் பிடித்து அனுப்பினால் பிழையும் ஒரு நொடியில் தெரிகின்றது. இதனைக் குறை கூறுவான் அறிவிலி. ஆயினும் கோவையில் 1969ஆம் ஆண்டில் சிறு தொழில் செய்வோர் கூடிக் கொடிசியா என்ற சங்கத்தை ஏற்படுத்தியதும், ஓசூரில் ஹோஸ்டியா என்ற சங்கம் இயங்குவதும் விளையாட்டுக்காக அல்ல. உலோகம் எங்கே மலிவு, எந்தத் தொழிற்சாலை பணத்தை இழுத்தடிக்கிறது, யாரிடம் நல்ல வேலைக்காரன் இருக்கின்றான் என்பனவெல்லாம் கூட்டம் முடிந்து காப்பி அருந்தும்போதே வெளிவரும். கூட்டத்தில் பேசப்படுவது பெரும்பாலும் பதிவேட்டிற்கு.

நம் மாவட்டத்தில் மற்றொரு கூட்டமும் உண்டு. மொகல் தெருக் கூட்டத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தோத்தாபுரி மாங்காய், கூழாக்கப்பட்டுக் கடல் கடந்து செல்வது. பருவந்தோறும் அதன் விலையைப் பற்றி உழவர்க்கும் கூழ்த் தொழிற்சாலையார்க்கும் பிணக்கு எழும். மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் முத்தரப்புக் கூட்டம் கூட்டப்பெறும். குரல் உயரும், சில ஆண்டுகளில் விலை படியாமலே எழுந்து போவதும் உண்டு. பயனற்ற கூட்டம் என்று இளைஞர் நகைப்பர். யான் நகைப்பதில்லை. விலை சொல்பவனும் அவ்விலையால் வாழ்பவனும் ஒரே கூடத்தில் எதிரெதிரே அமர்கின்றனர். தோப்பில் பழம் அழுகுவதைப் பற்றி ஒருவர் பேசும்போது, மற்றவர் தலை குனிவதையாவது எல்லோரும் காண்கின்றனர். ரங்கூனில் அது நிகழவில்லை.

குடமுழுக்கு நிறைவெய்திய பின்னர் 48 நாள் மண்டலாபிஷேகம் நடைபெறும் என்பதை அன்பர் அறிவர். நாள்தோறும் ஓர் உபயதாரர். அடுத்தடுத்த நாளுக்கு உரியவர்கள் மாலைதோறும் மண்டபத்தில் அமர்ந்து பூவும் பாலும் பங்கிட்டுக்கொள்வர்; பட்டறைக்காரர் பக்கத்தில் மாந்தோப்புக்காரர், அவர் பக்கத்தில் ஆட்டு வியாபாரி, அவர் பக்கத்தில் குப்பத்திலிருந்து பெண் கொண்ட நெல் வியாபாரி. எனக்கும் ஒரு நாள் உண்டு. அந்நாளுக்குரிய அழைப்பினை உள்ளூரார்க்கெல்லாம் என் மகன் கைப்பேசியிலேயே அனுப்பி விட்டான். ஒன்றை மட்டும் யானே வைத்துக்கொண்டேன். சென்ற வாரம் பெங்களூருக்குப் பேருந்தேறி, தேங்காயும் வெற்றிலை பாக்கும் வைத்து, அந்தக் கிடங்குப் பொறுப்பாளர் வீட்டில் நேரிற் கொண்டுபோய்க் கொடுத்தேன். பணி ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆகின்றன அவர்க்கு; கண் சற்று மங்கல். தம் பேரனோடு வருவதாகக் கூறினார். பேரன் ஒரு சிறு பட்டறை தொடங்கியிருக்கின்றானாம். நம் பக்கத்தில் துளையிடும் வேலை நன்றாகச் செய்து கொடுப்பவர் யாரேனும் இருக்கின்றனரா என்று விசாரித்தார்.